முதலில் ‘மாட்டேன்’ சொல்லச் சொன்ன செல்லாயி அக்கா

மகளுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தபோது தோட்டத் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மிஸ், நம்ம செல்லாயி அக்கா காலையில போயிருச்சு.”

“எங்கே? ராகலைக்கா?” என்று கேட்டேன். ராகலையில் அக்காவுடைய தங்கச்சி வீடு. கோபம் வந்தால் அங்கே போய்விடுவார்.

“இல்லீங்க மிஸ். ஒரேயடியா.”

அக்கா இருந்திருந்தால் இந்தக் கதையைப் பத்து லயத்து வரிசை வீடுகளுக்கும் சொல்லிச் சிரித்திருப்பார். அதனால்தான் வெட்கப்படாமல் இதை முதலில் எழுதுகிறேன். காரியம் எல்லாம் முடிந்து, சொல்ல வேண்டியவர்கள் சொல்லி முடித்த பிறகு, மகளுக்குச் சளி குறைந்த இந்த வாரத்தில்தான் எனக்கு எழுத உட்கார முடிந்திருக்கிறது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் சிலருக்கு வாய்க்குள் வெள்ளைப் படலம் உண்டாகும். அதில் சில, பிறகு புற்றாக மாறும். அப்படி மாறாமல் தடுக்க ஒரு மாத்திரை உதவுமா என்று பார்க்கும் மருத்துவ ஆய்வு ஒன்று நடக்கிறது. சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த மாத்திரை. மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டொக்டருக்கும் தெரியாது. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வாய்ப் பரிசோதனை எல்லாருக்கும் உண்டு. மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதை விளக்கி ஆட்களை அழைப்பது என் வேலை. ஒப்பந்த வேலை. ஆள் சேராத தோட்டங்களில் ஆய்வை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தால், கடைசியில் இடுப்பில் பிள்ளையோடு நானும் வேலையில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, அக்காவின் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் முதல் கூட்டம் வைத்தேன். அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, எழ முடியாமல் அப்படியே பேசினேன். பேசி முடித்ததும் தலைவர் முன்னால் வந்தார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே ரப்பர் முத்திரையும் குத்தினார். அவ்வளவுதான். வரிசையாக எல்லாரும் வந்து போட்டார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு மனு கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் மனைவிக்கும் சேர்த்துப் போட்டார். இன்னொருவர் கொழும்பில் கடையில் நிற்கும் தம்பிக்கும் போட்டார். தலைவர் வாழ்நாளில் வெற்றிலை போட்டதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஒரே நாளில் இத்தனை பேர்!

பின்வரிசையில் செல்லாயி அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத்தான் உண்மையிலேயே வாயில் படலம் இருந்தது.

“நீங்க போடலையா அக்கா?”

“மாட்டேன்.”

“ஏங்க?”

“காரணம் சொல்லணும்னு தாள்ல எழுதியிருக்கா?”

புரட்டிப் பார்த்தேன். விருப்பமில்லையென்றால் காரணம் சொல்லத் தேவையில்லை என்று, நானே தமிழாக்கிய தாளில், என் எழுத்திலேயே இருந்தது.

“அப்ப சரி,” என்றார்.

அடுத்த கிழமை டொக்டர் அந்தப் படிவக் கட்டைப் பார்த்துவிட்டு முத்திரையில் விரலை வைத்தார். “இது சம்மதம் இல்லையே, மிஸ். தலைவர் போட்டார் என்று போட்டிருக்கிறார்கள்.” அத்தனையும் தள்ளுபடி. அழுதுகொண்டே தோட்டத்துக்குத் திரும்பிப் போனேன். ஏன் என்று கேட்ட ஒரே ஆள் செல்லாயி அக்கா.

“இங்க யாரும் தாளுக்கு மாட்டேன்னு சொன்னதே இல்ல புள்ள. சொல்லிப் பழக்கமே கெடையாது. மாட்டேன்னு சொல்லத் தெரியாத ஆளு சரின்னு சொன்னா அதுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல.”

படலம் இருப்பவர்களைத் தானே தேடிக் கூட்டி வருவதாகவும், ஆனால் முதல் பாடம் தன்னுடையது என்றும் சொன்னார். பாடம் இதுதான்: எல்லாரும் ‘மாட்டேன்’ சொல்லிப் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பெண்களை நிற்க வைத்து ஒத்திகை நடத்தினார். அக்காதான் டொக்டர். என் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் தாளை நீட்டினார்.

“போடுங்கம்மா.”

“மாட்டேங்க.”

“என்னாத்துக்கு ‘ங்க’? கும்பிட்டுக்கிட்டே சொல்ற மாதிரி இருக்கு. நிமிந்து சொல்லு.”

“மாட்டேன்!”

“இது மாட்டேன். நீ என்னாடி சிரிக்கிற? டொக்டர் பாவம்னு போட்டுருவ போலயிருக்கே.”

இதை டொக்டரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் வந்த நாளில் வணக்கம் சொல்லி வாயைத் திறக்கவும், மண்டபம் முழுவதும் ஒரே குரலில் “மாட்டோம்!” என்றது. மனிதர் என்னைப் பார்த்தார். நான் என் வயிற்றைப் பார்த்தேன். என் வேலை அன்றோடு போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் சொல்லித் தீர்த்த பிறகு அந்தப் பெண்களுக்கு ஏதோ லேசாகிவிட்டது. கேள்விகள் வர ஆரம்பித்தன. மாத்திரை சாப்பிட்டால் கொழுந்தெடுக்கப் போகலாமா? பாதியில் நிறுத்தினால் ஏசுவீர்களா? ஆஸ்பத்திரிக்குப் பிறகு வேறு நோய் வருத்தத்துக்குப் போனால் முகத்தைத் திருப்புவீர்களா? டொக்டர் இரண்டு மணி நேரம் பதில் சொன்னார். பிறகு ஏழு பேர் யோசித்துச் சேர்ந்தார்கள். ஏழே ஏழு, ஒரு முத்திரைகூட இல்லை.

அவர்கள் சேர்வதற்கு முன்பு, யாருக்கு எந்த மாத்திரை என்பதைக் குலுக்கல் மாதிரி கம்ப்யூட்டர் தீர்மானிக்கும் என்று நான் சொன்னபோதுதான் பெரிய சண்டை. தோட்டத்தில் புது வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தபோது ரோட்டோர வீடு தலைவரின் மச்சானுக்கு விழுந்தது எல்லாருக்கும் நினைவிருந்தது. “குலுக்கல்னா எங்களுக்குத் தெரியாதா?” என்று கூட்டம் எழுந்துவிட்டது. தலைவர் கூரையைப் பார்த்தார். அக்கா அமைதியாகச் சொன்னார்: “உக்காருங்கடி. கம்ப்யூட்டருக்கு மச்சான் கெடையாது.” ஆய்வுகளைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவான விளக்கம் இல்லை.

அக்கா மாத்திரை வேண்டாம் என்றதற்கு உண்மையான காரணம் எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பஸ்ஸில், வேறு ஒருவருக்கும் கேட்காமல் சொன்னார்: “எனக்கு மாத்திர முழுங்க வராது புள்ள. சின்ன வயசுல இருந்தே தொண்டையிலயே நின்னுக்கிரும்.” ஆனால் கூட்டங்களில் அவர் இதைச் சொல்லவில்லை. “நான் மாட்டேன்னு சொன்னேன். என்னைய யாரும் அடிக்கல. போன மாசமும் வாயப் பாத்துத்தான் அனுப்புனாங்க,” என்று மட்டும் சொல்வார். வாயைத் திறந்து காட்டவும் செய்வார், கேட்காதவர்களுக்கும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அப்போது மகளுக்கு நான்கு மாதம். நாள் முழுவதும் மற்றவர்கள் வாயை டோர்ச் அடித்துப் பார்க்கும் கூட்டத்தில் இருந்துவிட்டு வந்து, அவள் கொட்டாவி விட்டபோது பார்த்தேன்: நாக்கில் வெள்ளைப் படலம். உடனே தொலைபேசியை எடுத்தேன். அக்காவைத்தான் கூப்பிட்டேன்.

“அழுவாத. புள்ள என்னா குடிச்சிச்சு?”

“பால்.”

“பாலு என்னா கலரு?”

பிள்ளையின் வாயை இன்னொரு முறை பார்த்தேன்.

“ஒரு துணிய நனைச்சுத் தொடச்சுப் பாரு. போயிருச்சுன்னா எனக்குச் சொல்ல வேணாம், எனக்குத் தெரியும்.”

துடைத்தேன். போய்விட்டது. மறுநாள் நான் போன மூன்று லயங்களிலும் பெண்கள் என் மகளின் நாக்கை நலம் விசாரித்தார்கள்.

போன வருடம் அக்காவின் படலம் புற்றாக மாறிவிட்டது. தவறாமல் வந்துகொண்டிருந்ததால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, அறுவை சிகிச்சையும் செய்தார்கள். ஆனாலும் அது கழுத்துக்கு இறங்கியது. கன்னத்தில் கட்டுடன் அவர் இரண்டு கூட்டங்களுக்கு வந்தார். பேச்சு குழறியது. “இப்ப நான் என்னா சொன்னாலும் உங்களுக்குப் புரியாது, அதனால நல்லாத் திட்டலாம்,” என்று சொல்லித் தலைவரைத் திட்டினார். தலைவருக்குப் புரிந்தது.

அடக்கத்துக்குப் போனபோது என் தோள்பையில் மகளின் மாற்றுத்துணியும் படிவங்களும் ஒன்றாகக் கிடந்தன. இந்த மாத முடிவுக்குள் அங்கே இன்னும் ஒருவராவது சேராவிட்டால் அந்தத் தோட்டத்தில் ஆய்வை நிறுத்திவிடப் போவதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அக்காவை எடுத்துக்கொண்டு போன பிறகு, வீடு கழுவிக்கொண்டிருந்த பெண்களில் மாரியாயி என்னிடம் வந்தார். வாயில் படலம் உள்ளவர். இரண்டு முறை நிமிர்ந்து நின்று ‘மாட்டேன்’ சொன்னவர்.

“அக்கா அந்த மாத்திரையக் குடிச்சிருந்தா பொழச்சிருக்கும்தானே மிஸ்? எங்க, அந்தத் தாளக் குடுங்க, போட்டுர்றேன்.”

நான் ‘ஆமாம்’ என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. பேசாமல் பேனாவை நீட்டினால் போதும். பேனா கையில்தான் இருந்தது. மூடியையும் கழற்றிவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

“தெரியாதுங்க,” என்றேன். “குடிச்சிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமோ என்னவோ. அந்த மாத்திரை வேலை செய்யுமான்னு இன்னும் யாருக்குமே தெரியாது. தெரிஞ்சா எதுக்குச் சோதிச்சுப் பாக்கிறாங்க? அக்காவுக்காகப் போடாதீங்க.”

மாரியாயி வாளியைக் கீழே வைத்தார். “கேம்பஸ் வரைக்கும் போய்ப் படிச்ச புள்ள, தெரியாதுங்குது பாரு!” கழுவிக்கொண்டிருந்தவர்கள் அந்த வீட்டில் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்கள். அவர் தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “மகனப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுச் சொல்றேன். மாட்டேன்னாலும் சொல்லுவேன்.”

இதை எழுதும்வரை அவரிடமிருந்து பதில் வரவில்லை. மாதம் முடிய ஆறு நாட்கள் இருக்கின்றன. தினமும் மூன்று முறை தொலைபேசியை எடுத்துப் பார்க்கிறேன். செல்லாயி அக்காவை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவருடைய ஏதோ ஒன்றை வைத்திருப்பீர்கள்: அந்தச் சிரிப்பையோ, அந்த வசவையோ. என்னிடம் இருப்பது சின்னதுதான். ஒருவருடைய கையெழுத்து எனக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில், அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, பேனாவைத் திரும்ப மூடுவது. அன்று மூடியைக் கழற்றியதும் நான்தான். ஆனாலும் மூடினேன், அக்கா.