கம்பு வீச்சும் கருவாட்டுக் குழம்பும்

1960-களின் நடுவில், கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியேறிய புதிது. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் எலக்ட்ரீஷியன்கள்; வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் சிவகங்கைப் பக்கம். அவர் உள்ளூர். அவர் பிறந்த ஊர் இருந்த இடத்தில்தான் அந்தச் சுரங்கமே இருந்தது. அவருக்குச் சிலம்பம் தெரியும். காணும் பொங்கலன்று எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் மைதானத்தில் கம்பு வீச ஜோடி வேண்டும் என்றார். எதைப் பார்த்தாலும் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. முந்திரிக்கொட்டை மாதிரி, "நான் வர்றேன்" என்றேன்.

அந்தக் குணம்தான் என்னைப் படுத்தியது. செகண்ட் ஷிப்ட் வாரங்களில், பஸ் வரும்வரை ரோட்டோர மரத்தடியில் பழகுவோம். அவர் கம்பை ஓங்கியதும் என் மண்டைக்குள் ஆராய்ச்சி தொடங்கிவிடும். இது தலைக்கா, இடுப்புக்கா? மணிக்கட்டிலிருந்து வருகிறதா, தோளிலிருந்தா? ஏமாற்று வீச்சோ? நான் ஒரு முடிவுக்கு வருவதற்குள் விரல் முட்டியில் சுளீரென்று விழும். வீட்டில் துடைப்பக்கட்டையைச் சுழற்றி மறுபடி யோசிப்பேன். "யோசிச்சது போதும், கையக் காட்டுங்க, எண்ணெய் தடவுறேன்" என்று என் மனைவி சிரிப்பாள்.

பொங்கல் நெருங்கியது. இடம்பெயர்ந்து போயிருந்த அவருடைய ஊர்க்காரர்கள் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "யோசன பண்ணிக்கினே நின்னீங்கன்னா என் மானம் போயிடும்ங்க. உங்க மண்டையும் போயிடும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விலகிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்; மனசு வரவில்லை.

ஒருநாள் பழகிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் ஹாரன் சத்தம். நம்ம பஸ்தானா? டிபன் கேரியரை எடுத்து வந்தேனா? நினைப்பு அங்கே ஓடியது. டக் டக்கென்று கம்போடு கம்பு மோதும் சத்தம் கேட்ட பிறகுதான் கவனித்தேன், அவர் வீச்சையெல்லாம் என் கை தடுத்துக்கொண்டிருந்தது! "எப்பிடிங்க இது?" என்று வாயைப் பிளந்தார். எப்படி என்று யோசித்தேன். அடுத்த அடி முட்டியில்.

இரண்டு பேருக்கும் ஒரே அதிசயம். மறுநாள் வேண்டுமென்றே பஸ்ஸை நினைத்துப் பார்த்தேன். சரியாக நினைக்கிறேனா என்று யோசித்து, அதற்கும் அடி வாங்கினேன்! கடைசியில் அவர் கம்பை வீசிக்கொண்டே, "வூட்டுல என்னா கொழம்புங்க?" என்றார். நான் பதில் சொல்ல, கை அதன் வேலையைப் பார்த்தது. அதன்பிறகு எங்கள் பயிற்சி முழுக்கச் சமையல் பேச்சுதான்.

காணும் பொங்கலன்று மைதானம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அவர் ஊர் ஜனம். மேளம் கிளம்பியதும் எனக்குப் பழைய வியாதி வந்துவிட்டது. முதல் வீச்சு தோளில் உரசிப் போனது. அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். அடுத்தது நேராகத் தலைக்கு வந்தது. மேளச் சத்தத்தையும் மீறி அவர் கத்தினார்: "வூட்டுல என்னா கொழம்பு?"

"மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு!"

டக்கென்று கம்பு தடுத்தது. கூட்டம் ஒரு கணம் விழித்து, பிறகு குலுங்கிச் சிரித்தது. அவர் ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டு, "ரசம் உண்டா? பொரியல் என்னா?" என்று கேட்க, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியபடியே ஆடி முடித்தேன். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் சிலர் நேராக எங்கள் அடுப்படிக்கே வந்து குழம்பைக் கேட்டார்கள். சொந்தபந்தம் இல்லாத அந்த இடத்தில் எங்கள் வீடு நிறைந்தது அன்றுதான். வந்தவர்களுக்குப் பரிமாறும்போது என் மனைவியின் கண் கலங்கியிருந்தது.

மனசுக்குத் தெரியாதது கைக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஆனால் இன்றைக்கும் ஏதாவது முடிவெடுக்க முடியாமல் நான் தடுமாறினால், என் மனைவி ஒன்றும் விசாரிக்காமல் அடுப்படியிலிருந்து, "இன்னைக்கு என்ன குழம்பு வைக்கட்டும்?" என்று மட்டும் கேட்பாள்.