ஆயுத பூஜையன்று போட்ட நான்கு துளைகள்

மதியம் மூன்று நாற்பதுக்கு என் மகனின் தலையும் ஒரு தோளும் பால்கனிக் கம்பிகளுக்கு வெளியே இருந்தன. மூன்றாவது மாடி. அவனுக்கு வயது ஒன்றரை, எனக்கு நாற்பத்தொன்று. அந்த வீட்டைக் கட்டியவர் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் விட்டிருந்தார். காலைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவன் சிரித்தான். 

கம்பிகளை மறைக்கக் கண்ணாடிபோலத் தெளிவான பிளாஸ்டிக் ஷீட் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். மூலைக்கு ஒரு துளை போட்டு, கட்டுக்கம்பியால் இறுக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் டிரில்லிங் வேலை செய்பவர். தன் டிரில் மிஷினை முந்தின நாளே கொடுத்து, "நாளைக்கு ஆயுத பூஜை, உங்க வீட்டுலயே பொட்டு வெச்சிடுங்கக்கா. அடுத்த நாள் நானே வந்து ஓட்டை போட்டுத் தரேன்" என்றிருந்தார். பூஜையில் வைத்த கருவியை அன்று யாரும் தொடுவதில்லை. வெளியூர் போயிருந்த கணவர் வர மாலையாகும். எனக்கோ அந்தக் கம்பிகளை இன்னும் ஒரு மணி நேரம்கூட நம்ப முடியவில்லை.

மகனைத் துப்பட்டாவால் கட்டில் காலோடு கட்டினேன். சந்தனமும் குங்குமமுமாக இருந்த மிஷினிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுத்தேன். ஷீட்டை இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே பாலம்போல வைத்து, பலம்கொண்ட மட்டும் அழுத்தினேன். டக்! ஒரு மூலை உடைந்து கையோடு வந்தது. சாமி குத்தம்தான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மகன் கைதட்டினான்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் வேட்டியும் விபூதியுமாக ஓடி வந்தார்.

"அய்யோ அக்கா, பூஜையில வெச்சதையா எடுத்தீங்க?"

நடந்ததைச் சொன்னேன். பால்கனியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொட மாட்டேன். வாய் மட்டும்தான். நீங்க போடுங்க. துளை போடுற பிட்டு புதுசு, பிளாஸ்டிக்கைக் கடிக்கும். அம்மியில முனைய லேசா மழுக்குங்க. அடியில பலகை வைங்க, அந்தரத்துல வெச்சா ஒடையாம? ஷீட்டு மேல இருக்கிற பேப்பர உரிக்காதீங்க. சோப்புத் தண்ணி ரெண்டு சொட்டு. ஸ்வல்ப, கொஞ்சம் மெல்ல... அழுத்தாதீங்க! சப்பாத்தியா தேய்க்கிறீங்க? விட்டு விட்டுப் போடுங்க. கடைசியிலதான் வெடிக்கும், மூச்சப் பிடிங்க!"

பிடித்தேன். அவரும் பிடித்தார். வெள்ளைச் சுருளாகப் பிளாஸ்டிக் மேலே வந்தது. பிட் பலகையைத் தொட்டது. விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லாத வட்டம்! நான் குதித்தேன். கட்டிய கையை அவிழ்க்காமலே அவரும் குதித்தார். நான்காவதை உடைந்த மூலைக்கு இரண்டு அங்குலம் உள்ளே தள்ளிப் போட்டேன்.

ஷீட்டைக் கம்பிகளோடு கட்டி முடித்துப் பேப்பரை உரித்தபோது அங்கே ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. துப்பட்டாவை அவிழ்த்துவிட்டதும் மகன் ஓடிப்போய் மூக்கையும் கைகளையும் ஷீட்டில் அப்பிக்கொண்டு, முழு எடையோடு சாய்ந்து தெருவைப் பார்த்தான். ஷீட் அசையவில்லை. எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சற்று நேரத்தில் படிகளில் தடதடவென்று சத்தம். ஒற்றைச் செருப்போடு என் கணவர். நேராகப் பால்கனிக்குப் போய் ஷீட்டைத் தட்டிப் பார்த்தார், இன்னொரு முறை தட்டினார், அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"கீழேருந்து பார்த்தா ஷீட்டு இருக்கிறதே தெரியலடி. விழுந்தா பிடிக்கலாம்னு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு ரோட்டுல நிக்கிறேன். ஒரு ஆட்டோக்காரன் வந்து நிறுத்தி, 'எங்க போணும் சார்?'ங்கிறான்."