வட்ட வீட்டுக்கு வந்த அலமாரி

இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரைக்குச் சற்று உள்ளே தள்ளி இருக்கும் அந்த ஊரில் நுழையும்போது சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு வட்ட வீடுகள் இருக்கும். மறுகோடியிலும் அதேபோல் இரண்டு. வெள்ளையடித்த சுவர், புல் வேய்ந்த கூம்புக் கூரை, உச்சியில் ஒரு சிலுவை. யார் கட்டினார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எல்லாரும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மாதிரி. ஏன் கட்டினார் என்பதில் மட்டும் ஊர் முழுக்க ஒரே பேச்சு. வீட்டில் மூலை இருந்தால்தானே சாத்தான் ஒளிந்துகொள்ள முடியும்?

லவ்டே ஒரு மீனவக் கிராமத்திலிருந்து டிகரியைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த வட்ட வீடுகளில் ஒன்றுக்கு வந்தவள். வந்த அன்றே வாசலில் நின்று, "இதுல கட்டிலை எங்கய்யா போடுறது?" என்று கேட்டாள்.

"எங்க போட்டாலும் சுவரோட ஒட்டாது. அதனால எங்க வேணா போடு" என்றான் டிகரி.

இப்படித்தான் அவர்கள் குடித்தனம் தொடங்கியது. டிகரி பால் லாரி ஓட்டினான். லவ்டே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள், லினெட் என்ற ஒரே மகளை வளர்த்தாள், சர்ச் தேநீர் விருந்துக்குக் குங்குமப்பூ ரொட்டி சுட்டாள். நாக்கு கொஞ்சம் நீளம்தான். கண் அதைவிட நீளம். சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடியே முதல் வரிசையில் யார் சட்டைக் காலர் அழுக்கு என்று கண்டுபிடித்துவிடுவாள். அதிலும் டிகரியின் காலருக்கு விடுதலையே கிடையாது. "இதோடயா வெளிய வந்தே? பாக்கிறவங்க என்னையத்தான் சொல்லுவாங்க" என்று வாசலிலேயே கழற்ற வைத்துவிடுவாள்.

அந்தக் கண்தான் வயதான காலத்தில் இப்போது கைவிட்டுவிட்டது. பார்க்கிற இடத்தின் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தினாற்போல் ஒரு கறை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கறை கண்ணாடியில் இல்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லினெட் உடனே தான் குடியிருக்கும் ட்ரூரோ நகரத்துக்குக் கூட்டிப் போய்விடுவாள். கீழ்த்தளத்தில் ஒரு அறையைக்கூடத் தயாராக வைத்திருந்தாள் மகள். போன கிறிஸ்துமஸுக்கு அங்கே போனபோது லவ்டே சுவரைப் பிடித்துக்கொண்டே குளியலறையைத் தேடினாள். ஒரு மூலையில் போய் முட்டி, திரும்பினால் இன்னொரு மூலை. துடைப்பமும் குடைகளும் இருந்த இடுக்கில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், யாரையும் கூப்பிடவும் மனசு வராமல் நின்றாள். அன்றைக்கு அவளுக்கு வந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல.

தன் வீட்டில் அந்தக் கஷ்டமே இல்லை. வாசலில் இடது கையைச் சுவரில் வைத்தால் போதும். ஜன்னல் வரும், அடுப்பு வரும், மாடிப்படி வரும், மறுபடி வாசல் வரும். சுவர் அவளை எங்கேயும் மாட்டிவிடாது.

இந்த வசந்தத்தில் டிகரி வேறு விசித்திரமாக நடந்துகொண்டான். ஆயுள் முழுக்கப் பூட்ஸை நடுவழியில் கழற்றிப் போட்டவன் இப்போது ஆணியில் மாட்டினான். வாசலிலிருந்து கோழிக்கூடு வரை இடுப்பு உயரத்துக்கு ஒரு கயிறு கட்டினான்.

"எதுக்குய்யா இது?"

"பீன்ஸ் கொடிக்கு."

பீன்ஸ் ஒன்றும் முளைக்கவில்லை. வயசானால் புத்தி இப்படித்தான் போகும் என்று நினைத்துக்கொண்டு, அவள் அந்தக் கயிற்றைப் பிடித்தபடியே கோழிகளுக்குத் தீனி போடப் போய்வந்தாள்.

அவர்கள் கல்யாண நாளன்று லினெட் வந்தாள். அம்மா கோழிக்கூட்டில் இருந்த நேரம் பார்த்து, வேன் ஆட்களை வைத்துப் பரிசாக எதையோ இறக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள்.

லவ்டே உள்ளே வந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் லினெட்.

எது எப்படி இருக்கிறது? லவ்டேக்கு மகளின் உருவம் மங்கலாகத் தெரிந்தது. முடியை வெட்டியிருப்பாள் போல. "ரொம்ப நல்லாருக்குடி. உன் முகத்துக்கு எடுப்பா இருக்கு" என்றாள்.

லவ்டே ரொட்டித் தட்டை வலது கையில் எடுத்தாள், இடது கையைச் சுவரில் வைத்தாள், அடுப்பை நோக்கி நடந்தாள். ஜன்னல் தாண்டியதும் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மரப்பலகை இருந்தது. கூர்மையான ஒரு விளிம்பு நெற்றியில் இடித்தது. தட்டு விழுந்து உடைந்தது.

அது ஒரு பெரிய ஓக் அலமாரி. நேரான முதுகு கொண்டது. வட்டச் சுவருக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் ஒளியும் அளவுக்கு இடைவெளி.

"அம்மா, இவ்ளோ பெரிய அலமாரி உனக்குத் தெரியலையா?" லினெட்டின் குரல் உடைந்தது. "எத்தனை நாளா இப்படி? ஏம்மா சொல்லல?" அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். "இன்னிக்கே கிளம்பும்மா. இனி ஒரு நாள்கூட உன்னை இங்க விட மாட்டேன்."

லவ்டேக்கு மகள் வீட்டில் துடைப்பத்துக்கும் குடைகளுக்கும் நடுவே நின்றது ஞாபகம் வந்தது. நெற்றியைவிட நெஞ்சுதான் அதிகம் வலித்தது.

சத்தம் கேட்டு வந்த டிகரி வாசலில் நின்று எதிர் வட்ட வீட்டுக்காரனைக் கூப்பிட்டான். "ஆம்ப்ரோஸ்! வாய்யா, ஒரு கை குடு. எங்க வீட்டுக்குள்ள மூலை வந்திருக்கு."

ஆம்ப்ரோஸ் வந்து பார்த்தான். "அடக் கடவுளே, சாத்தான் வாடகைக்கே வரலாமே" என்றான். இருவரும் மூச்சு வாங்க அலமாரியை வெளியே தள்ளினார்கள்.

"அப்பா, அம்மாவுக்குக் கண்ணு தெரியல. நீங்க விளையாடுறீங்க!"

"தெரியும்மா."

"எப்பத்திலேர்ந்து?"

"கல்யாணமானதிலேர்ந்து என் காலரைப் பாத்துத் திட்டினவ. போன குளிர்ல ஒரு நாள் திட்டல. சரி, மறந்திருப்பான்னு அடுத்த வாரமும் அதே சட்டையைப் போட்டுட்டு சர்ச்சுக்குப் போனேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல உக்காந்து பாடிட்டிருந்தா. அன்னிக்கு எனக்குப் பாட்டே வரல."

லவ்டே சுவரில் கையை வைத்தபடி நின்றாள். அந்தக் கயிறு, அந்தப் பூட்ஸ், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. இந்த மனுஷனைப் போய் புத்தி கெட்டவன் என்று நினைத்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான் டிகரி மகளிடம். "ஆனா உன் வீட்ல எத்தனை மூலைன்னு எண்ணிப் பாரு. இங்க இவ யாரையும் கேக்காம அடுப்பு வரைக்கும் போறா. அதைப் பிடுங்காதே, கண்ணு."

லினெட் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கோழிக்கூடு வரை போய்த் திரும்பி வந்தாள். "கயிறு நடுவுல தொய்யுது. அடுத்த சனிக்கிழமை வந்து இழுத்துக் கட்டுறேன்" என்றாள். பிறகு உடைந்த தட்டைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

லவ்டே சுவரோடு நடந்தாள். வாசல் வந்தது. அங்கேதான் டிகரி நின்றிருந்தான். கையை நீட்டி அவன் சட்டைக் காலரைத் தடவினாள்.

"நிஜத்தைச் சொல்லு. இன்னிக்கும் அழுக்கா?"

"கருப்பா இருக்கு, புள்ள."

"கல்யாண நாளும் அதுவுமா! கழட்டுய்யா அதை."

டிகரி வாசலிலேயே நின்று பொத்தானைக் கழற்றினான்.