ஜெசிந்தா என்னைத் திருப்பி அனுப்பிய சனிக்கிழமை

செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலகக் கூட்டமொன்றில் உட்கார்ந்திருந்தபோது நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஜெசிந்தா இறந்துவிட்டார். மருத்துவமனை மருந்தகத்தில் வேலையில் இருக்கும்போதே மூளையில் ரத்தக் கசிவு. நாற்பத்தெட்டு வயது. நான் போனைக் கவிழ்த்து வைப்பதற்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழ ஆரம்பித்தன. ஒருவர் எழுதிய இரங்கலையே அடுத்தவர் எடுத்து ஒட்டினார். முதல் ஆள் செய்த எழுத்துப்பிழை கடைசி ஆள்வரை மாறாமல் வந்தது. "நம் சங்கத்தின் தூண் சாய்ந்தது" என்று ஒருவர் எழுதினார். இரண்டு வருடமாக அந்தத் தூணைப் பொங்கல் விழாவுக்கு யாரும் கூப்பிடவில்லை. எனக்குத் துக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

சங்கத்தின் இந்த மாத மலரில் அவரைப் பற்றி எழுதும்படி என்னைக் கேட்டார்கள். நம் ஆலன் ஊரில் துப்பாக்கிப் போட்டிக்குப் போகிற தமிழர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் நெருக்கமாக இருந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார்கள். நெருக்கம் ஒன்றும் கிடையாது. எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடித்திருக்க நியாயமில்லை. "செத்துப்போனவங்களைப் பத்தி இப்படியா ஸ்டார்ட் பண்ணுவாங்க?" என்று என் மனைவி வனிதா கேட்கிறாள். வேறு எப்படி ஆரம்பிப்பது? புன்னகை மாறாத முகம் என்று எழுதவா? அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் போட்டியில் நின்ற இடத்தில் நின்று வட்டத்தைச் சுடுவதில்லை. பக்கத்து ஊரான மெக்கின்னிக்கு வடக்கே, மண்மேடுகளுக்கு நடுவில், மரச்சட்டமும் கதவும் வைத்துச் சின்னச் சின்னக் களங்கள் அமைத்திருப்பார்கள். டைமர் பீப் அடித்ததும் கைத்துப்பாக்கியோடு நகர்ந்து, குனிந்து, தடுப்புக்குப் பின்னாலிருந்து அட்டை உருவங்களைச் சுட வேண்டும். குறியும் கணக்கு, நேரமும் கணக்கு. ஒருவர் முடித்ததும் மற்றவர்கள் ஓடிப்போய் அட்டையில் விழுந்த ஓட்டைகளின்மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். டாக்டரானாலும் பிளம்பரானாலும் ஒட்டத்தான் வேண்டும். ஜெசிந்தா அங்கே பாதுகாப்பு அதிகாரி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அவரிடம்தான் மாட்ட வேண்டும்.

அங்கே முதல் விதி, துப்பாக்கி காலியாகப் பைக்குள் இருக்க வேண்டும் என்பது. அதை வெளியே எடுக்க இரண்டே இடம்: அதற்கென்று போட்டிருக்கும் மேஜை, அல்லது அதிகாரி சொன்ன பிறகு களம். வேறு எங்கே தொட்டாலும் அன்றைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். இதையெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். நான் வாசிக்கவில்லை. மென்பொருள் ஆர்க்கிடெக்ட் ஆவணங்களை எழுதுவான், வாசிக்க மாட்டான்.

அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. துப்பாக்கி, இடுப்புப் பட்டை, உறை, காதுக்கு ஹெட்செட் என்று ஒரு மாதத்தில் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன. சுடத் தெரிவதற்கு முன்பே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். முதல் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. லேப்டாப், கார் சாவி, மகள் மீராவின் வயலினும் வில்லும், அவற்றோடு ஒட்டித் துப்பாக்கி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு நிஜமான ஆயுதமே வைத்திருப்பவன் ஆலனில் நான்தான் என்று படம் எடுத்துக் குழுவிலும் போட்டேன். நீங்கள் எல்லோரும் இதயம் போட்டீர்கள்.

சனிக்கிழமை காலை ரேஞ்சின் வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கியபோதுதான் குங்குமம் ஞாபகம் வந்தது. சுற்றிலும் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள். இது என்ன சிவப்பு என்று கேட்டால் என்ன சொல்வது? கார் டிக்கியைத் திறந்து, பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, டிஷ்யூவால் துடைக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து சுத்தத் தமிழில் ஒரு குரல் வந்தது.

"அசையாதீங்க. ட்ரிகர்லேர்ந்து விரல வெளிய எடுங்க. அத அப்படியே பை மேல வைங்க."

திரும்பினால் ஜெசிந்தா. சர்ச்சுக்குப் போகிறவர் கட்டுவதுபோலத் தலையை இறுக்கி வாரிக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு அட்டையோடு நின்றார்.

"இல்லீங்க, பூஜைல வெச்சது. குங்குமம் இருக்குது, தொடச்சுட்டு வெச்சர்றனுங்க."

"குங்குமம் இருக்கட்டும் மிஸ்டர், அது யாருக்கும் தொந்தரவு இல்ல. மேஜைய விட்டு வெளிய கன்ன தொட்டுட்டீங்க. இன்னைக்கு உங்களுக்கு மேட்ச் கிடையாது."

ஒரு தாளில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு சொன்னார்: "பைய பூட்டி டிக்கில வச்சிட்டு வாங்க. ஸ்டிக்கர் ஒட்ட ஆளு வேணும்." போட்டியிலிருந்து நீக்கப்பட்டவர்கள் நின்று ஒட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கமாம். எனக்கு அது தெரியாது. மூக்கை உடைத்துவிட்டு எடுபிடி வேலைக்கும் கூப்பிடுகிறார் என்று பட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வருகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்திக் குழுவில் எழுதினேன்: "குங்குமம் வெச்ச துப்பாக்கியைப் பார்த்ததும் அந்த கிறிஸ்டியன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ரவுண்டு கூடச் சுடவிடாமல் அனுப்பிவிட்டார்." வீட்டுக்கு வருவதற்குள் எனக்கு ஊரே துணைக்கு வந்துவிட்டது. "நம்ம ஆளே இப்படி பண்ணா எப்படி ப்ரோ?" என்றார் ஒருவர். கண்ணும் காதும் மூக்கும் வைத்து நீங்கள் அதை வளர்த்தீர்கள். ஒரு மாதத்தில் அவர் குங்குமத்தைச் செருப்புக் காலால் தேய்த்தார் என்றுகூட ஹூஸ்டன் வரைக்கும் போயிற்று. நான் மறுக்கவில்லை. அடுத்த தேர்தலில் என்னைச் சங்கத்தின் துணைச் செயலாளர் ஆக்கினீர்கள். ஜெசிந்தாவின் பெயர் விழா அழைப்புகளிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போயிற்று.

நான்கு மாதம் கழித்து ரேஞ்சுக்குத் திரும்பிப் போனேன். வாங்கி வைத்த சாமான்கள் அலமாரியிலிருந்து முறைத்துக்கொண்டே இருந்தன. வேறு அதிகாரி இருப்பார் என்று பார்த்தால் அவரேதான் நின்றார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மெயில படிச்சீங்களா?" என்றார். படித்தேன் என்றேன். "சொல்லுங்க" என்றார். மற்ற புது ஆட்களுக்கு முன்னால் நாற்பத்தாறு வயது மனிதனை நிறுத்தி, எல்.கே.ஜி. பிள்ளைபோல விதிகளை ஒப்பிக்க வைத்தார். மூன்றாவதில் தடுமாறினேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

அதன்பிறகு ஒவ்வொரு இரண்டாவது சனிக்கிழமையும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முதல் களத்தில் பீப் அடித்ததும் சினிமா போலீஸ் மாதிரி ஓடினேன். பாதி அட்டைகளைச் சுடாமலே முடித்துவிட்டு மூச்சு வாங்கி நின்றபோது அவர் சொன்னார்: "இங்க யாரும் உங்கள பாக்க வரல. உங்க துப்பாக்கி எங்க பாக்குதுன்னுதான் எல்லாரும் பாக்கோம்." ஒருமுறை சமாதானத்துக்காக முறுக்கு டப்பாவை நீட்டினேன். "கைல தோட்டா ஈயம் ஒட்டியிருக்கும். கழுவாம எதையும் தொடாதீங்க, பிறத்தியாருக்கும் நீட்டாதீங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த முறுக்கு கைபடாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. நான் பரப்பிய கதை அவர் காதுக்குப் போகாமலா இருக்கும்? ஏன் கேட்கவில்லை? பெரிய மனுஷி என்ற நினைப்பு, நம்மையெல்லாம் மதிக்காத திமிர் என்று முடிவு கட்டினேன். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பதவியும் நீங்கள் கொடுத்த அனுதாபமும் போய்விடும். அதனால் சொல்லவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

அவர் உடலை வைத்திருந்த கூடத்துக்கு வெள்ளிக்கிழமை போனேன். சங்கத்திலிருந்து மாலை வந்திருந்தது, ஆள் வந்தது நான் ஒருவன்தான். அவருடைய கணவர் அருளை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. என் பெயரைச் சொன்னதும், பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டார்.

"ஓ, அந்தக் குங்குமக்காரர் நீங்கதானா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"அவ ஒண்ணும் பேசாம இருந்தான்னு நெனச்சீங்களோ? ஆறு வீட்டுக்கு கால் பண்ணுனா சார். ரூல் இது, குங்குமத்துக்காக அனுப்பலன்னு சொன்னா. 'விடுங்க அக்கா, இது பூஜை மேட்டர், நாங்க என்ன சொல்றது'ன்னு வச்சிட்டாங்க. ஒருத்தங்க அவள பிளாக்கே பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம்தான் விட்டா."

அந்த ஆறு வீட்டில் யார் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கும்பிடும் கை போட்டவர்களில் எத்தனை பேர் அந்த ஆறில் இருக்கிறீர்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அருள் கூடத்துக்கு வெளியே என்னைக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் குண்டு கதைய மட்டும் அவ யாருகிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா எல்லாரும் நம்பியிருப்பாங்க. ஏட்டி, சொல்லித் தொலையேன்னு நான்கூட சண்ட போட்டேன். 'பிள்ள இருக்க வீடு, வெளிய சொன்னா அவங்களுக்கு வில்லங்கமாயிரும். ரேஞ்சில சொன்னா ஆயுசுக்கும் உள்ள விடமாட்டாங்க. அப்புறம் அந்தாளு கத்துக்காமலே வீட்ல துப்பாக்கிய வச்சிருப்பாரு, அது இன்னும் மோசம்'னுட்டா."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் கேட்டார்கள் அவரிடம் இந்தப் பெருந்தன்மையை? விதி விதி என்று எல்லோர் உயிரையும் எடுத்தவர், எனக்காக ஒரு விதிமீறலை மறைத்துவிட்டு, அதைச் சொல்லாமல் செத்தும் போய்விட்டார். எனக்கு அவரைத் திட்டக்கூட இனி வழியில்லை.

ஆகவே அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். வெறும் ஆயுதத்தைச் சாமி முன்னால் வைக்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சாஸ்திரம் வைத்துக்கொண்டேன். பூஜையன்று மாகசீன் என்கிற தோட்டாக்கூட்டை நிரப்பிச் செருகி, வீடியோவில் பார்த்ததுபோல மேல்பாகமான ஸ்லைடை ஒரு இழுப்பு இழுத்துத்தான் துப்பாக்கியை வைத்தேன். மறுநாள் சாயங்காலம் அப்படியே எடுத்துப் பைக்குள் போட்டேன், உள்ளே தோட்டா இருப்பதை மறந்தும் போனேன். வண்டி நிறுத்துமிடத்தில் ஜெசிந்தா என்னை நகரச் சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் தானே எடுத்து, மாகசீனைக் கழற்றி, ஸ்லைடை இழுத்தார். உள்ளே சுடத் தயாராக இருந்த தோட்டா துள்ளி வந்து சரளைக்கல்லில் விழுந்தது. அதுவரை துப்பாக்கி பார்த்துக்கொண்டிருந்த திசையில், பக்கத்து வண்டியருகே ஒரு பெரியவர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா குனிந்து அந்தத் தோட்டாவைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. "வீட்ல பிள்ளைங்க இருக்கா?" என்றார். ஒரு மகள் என்றேன். "உங்களத் தவிர இத வேற யாரு தொட்டா?" என்றார். யாரும் தொடவில்லை என்று அடித்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் தாளை எடுத்தார். மேஜைக்கு வெளியே துப்பாக்கியைக் கையாண்டார் என்று மட்டும் எழுதினார்.

என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. அவளுக்கு ஜெசிந்தாவைப் பிடிக்காது. அப்பாவை இன்சல்ட் பண்ணிய ஆன்ட்டி. தமிழ் பேசினால் அவளுக்குப் புரியும், வாசிக்கத் தெரியாது. இந்த மலர் அவள் கைக்குப் போனாலும் பயனில்லை. அதனால் இதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை அவளையும் வனிதாவையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் வாயால் சொன்னேன். வனிதா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது வேறு யார் தொட்டார்கள் என்று அன்று அவர் கேட்ட அந்தக் கேள்வியைத்தான். இரண்டு வருடமாக அதற்குச் சரியான பதில் சொன்னதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மீரா வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூஜைக்கு மறுநாள் காலை, விஜயதசமி, வயலினையும் வில்லையும் எடுத்து வாசி என்று அவளை அந்த அறைக்கு அனுப்பியவன் நான்தான்.

"இட் வாஸ் ஆன் டாப் ஆஃப் மை வயலின் போ, அப்பா," என்றாள். "ஐ மூவ்டு இட்."