எங்கள் பெயரில் ஏறிய மாடி

என் கணவர் சின்னச் சின்ன வீட்டு வேலைகள் எடுத்துச் செய்யும் கண்ட்ராக்டர். சுவர் கட்டத் தெரியும், சண்டை போடத் தெரியாது. பெர்மிட், கடிதம், அலுவலகம் என்று அலைவதெல்லாம் என் தலையில்.

திகாம் பத்து ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குச் சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டும் வேலை. எங்கள் கோவில்காரர், ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர் அவர்தான். முதல் தவணையோடு அவர் கை நின்றுவிட்டது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே மூன்று மாதம் ஓட்டினார். ஒருநாள் என் கணவர் சிமெண்டு கலக்கும் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். தொலையட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு குருணில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் பார்த்தால், அந்தச் சமையலறைக்கு மேல் மாடி ஏறிக்கொண்டிருக்கிறது! யாரோ இரண்டு பேர் தூண் நிறுத்துகிறார்கள். பெர்மிட் ஒற்றைத் தளத்துக்கு மட்டும்தான். அஸ்திவாரமும் அவ்வளவுதான் தாங்கும். வாசல் பலகையில் கண்ட்ராக்டர் என்று இவர் பெயர் அப்படியே தொங்குகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு போனால் போகிறது. நாளைக்கு அது இடிந்து யார் தலையிலாவது விழுந்தால் இவரைத்தானே தேடி வருவார்கள்?

"விடு லா, ஞாயித்துக்கெழம அவரு மூஞ்சில முழிக்கணும்" என்றார் இவர்.

நான் விடவில்லை. பெர்மிட்டிலிருந்து இவர் பெயரை எடுக்கச் சொல்லி மறுநாளே நகராண்மைக் கழகத்துக்குப் போனேன். முகப்பிலிருந்த மலாய்க்கார அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினார்: எதுவரை கட்டினோம் என்பதற்குப் படம் வேண்டும், வேலையிலிருந்து விலகிவிட்டதாகக் கடிதம் வேண்டும், அதில் வீட்டு உரிமையாளர் கையெழுத்தும் வேண்டும். படம் கைப்பேசியில் இருந்தது. கையெழுத்துக்கு மூன்று முறை வீட்டுக்குப் போனேன். மூன்று முறையும் சார் இல்லையாம். அவர் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது.

ஞாயிறு பூசை முடிந்து, மண்டபத்தில் மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் கடிதத்தையும் பேனாவையும் வைத்தேன்.

"இங்கயாம்மா?"

"இங்கதான் சார். வீட்ல நீங்க கெடைக்கவே மாட்றீங்க."

பாதிக் கோவில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊருக்கே வாசித்துக் காட்டுகிறவர், ஒரு வரிகூட வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் கொடுத்த அதே வாரம் அதிகாரிகள் வந்து பார்த்து, வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். பெர்மிட்டிலிருந்து இவர் பெயரும் நீங்கியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

இரண்டு நாள் கழித்து சாரே எங்கள் வீடு தேடி வந்தார். பழைய பாக்கியை முழுசாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். டீ குடித்தார்.

"தம்பி, நீயே வந்து முடிச்சிக் குடுத்துடு லா. பெர்மிட்ட மறுபடியும் உன் பேர்லயே போட்டுக்கலாம். மாடிதான் பாதி ஏறிடுச்சே."

இவர் தலையாட்டிவிடுவார் என்று பயந்துபோய் நின்றேன்.

"மாடிய இடிச்சிட்டுக் கூப்புடுங்க சார். அது நிக்கிற வரைக்கும் அங்க என் பேரு வராது."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில், இவர் ஒருவரிடம் முடியாது என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். சந்தோஷம் தாங்காமல் சாருக்கு இன்னொரு கப் டீ ஊற்றினேன்.