வாய் திறந்து சொன்னால்தான் பங்கு

என் கணவர் சபையில் எழுந்து நின்று தன் நோய் குணமாகிவிட்டது என்று சாட்சி சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே, இனி ஆபரேஷனுக்கு என்ன செய்வது என்று நினைத்தேன். அவருக்குப் பித்தப்பையில் கல் இருப்பதாகக் கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். பையையே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் காதில் கல் என்ற ஒரு சொல்தான் விழுந்திருக்கும் போல. கல்தானே, கர்த்தர் கரைக்கமாட்டாரா என்று பஸ்ஸில் வரும்போதே கேட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வேலம்பாளையத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். அவர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், மின்சார மெஷினில் தைப்பவர். நான் அங்கேயே செக்கிங், தைத்ததில் பழுது பார்க்கிற வேலை. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களின் பெயர் கம்பெனியில் எந்தப் பதிவிலும் ஏறாது. அதனால் அரசாங்க மருத்துவ அட்டை எங்களுக்குக் கிடையாது. பெரியாஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்கு முறை வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஒரு ஏஜெண்டு வந்து இன்சூரன்ஸ் போடச் சொன்னார். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த இன்சூரன்ஸ், ஆள் செத்த பிறகு வருவது. உயிரோடு இருக்கும்போது உதவாத காசு எனக்கு எதற்கு என்று அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். சொந்தக்காரர்களிடம் கேட்கவும் வழியில்லை. நான் பக்கத்து மண்ணரை ஊர்க்காரி. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டேன் என்று எங்கள் வீட்டில் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். அவர் வீட்டிலோ அன்றாடப் பாட்டுக்கே இவர் அனுப்பும் பணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கென்று இருந்தது சபைதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பழைய நூல் குடோன். வருகிறவர்கள் எல்லாம் பனியன் வேலைக்காரர்கள். ஒரு சமயம் சபையில் ஒரு குடும்பம் ஆஸ்பத்திரிச் செலவில் தையல் மெஷின்வரை விற்றுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விட்டது. அதற்குப் பிறகு பாஸ்டரும் சபைப் பெரியவரான மூப்பரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். பாரப் பங்கு என்று அதற்குப் பெயர். ஒரு வீட்டுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மற்ற வீடுகள் எல்லாம் ஆளுக்கொரு பங்காக அதைச் சுமக்க வேண்டும்.

பணத்தைப் பெட்டியில் போட்டால் பெட்டி யார் வீட்டில் இருப்பது என்று சண்டை வரும். அதனால் பெட்டி கிடையாது. பங்கைக் கொடுப்பவர்கள் நோயாளியின் வீட்டுக்கே வர வேண்டும். ‘உங்களுக்கு என்ன வேதனை’ என்று கேட்க வேண்டும். நோயாளி தன் வாயால் அதைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவர் கையில் பணத்தை வைத்து ஜெபித்துவிட்டுப் போவார்கள். பெண்டாட்டி கையிலோ பிள்ளை கையிலோ கொடுக்க மாட்டார்கள். என்ன நோய் என்று தெரியாமல் எதற்கென்று ஜெபிப்பது என்பது பாஸ்டரின் நியாயம். சொல்ல வெட்கப்படுகிற நோய்க்கு, அதாவது குடியாலும் கூத்தாலும் வந்ததற்கு, யாரும் பங்கு கேட்டுவிடக் கூடாது என்பது மூப்பரின் நியாயம். எனக்கு இந்த முறை பிடிக்கவே பிடிக்காது. கர்ப்பப்பை இறங்கிய ஒரு பெண், துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர்கள், அத்தனையும் ஆண்கள், வரிசையாக வந்து கேட்கக் கேட்கப் பதில் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. அதையும் பார்த்தேன்.

என் கணவருக்காகவும் சபையில் அறிவித்தார்கள். அடுத்த ஞாயிறு முதல் வீடு வீடாக வந்து கொடுப்பதாகப் பேச்சு. அதற்குள் அவர் உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தார். எண்ணெய்ப் பலகாரம் இல்லை, முட்டை இல்லை, வெறும் தண்ணீரும் கொஞ்சம் கஞ்சியும். வலி நின்றுவிட்டது. வயிற்றுக்குள் கொழுப்பு ஒன்றும் போகாவிட்டால் பித்தப்பைக்கு வேலை ஏது என்று பின்னால் டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து, கல் கரைந்துபோனது என்று கண்ணீரோடு சொல்லிவிட்டார். பொய் சொல்கிற மனிதர் இல்லை. நம்பித்தான் சொன்னார். சுகமானவருக்குப் பங்கு எதற்கு? எங்களுக்கு வர வேண்டியது வேறொரு வீட்டுப் பிரசவச் செலவுக்குப் போனது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

பாஸ்டர் அந்தச் சாட்சியைச் சும்மா விடவில்லை. அனுப்பர்பாளையத்தில் நடந்த திறந்தவெளிக் கூட்டத்தில் என் கணவரை மேடையேற்றிப் பேச வைத்தார். அதைக் கேட்டுச் சபைக்குப் புதிதாக ஆட்கள் வந்தார்கள். ‘கல் கரைஞ்ச டெய்லர்’ என்று கம்பெனியிலேயே பெயர் வந்துவிட்டது. பட்டாணிக் கடலை வாங்கக் கடைக்குப் போனாலும் அந்தக் கதையைக் கேட்பார்கள், அவரும் அலுக்காமல் சொல்வார்.

வலி திரும்பி வந்ததை நான் முதலில் அவர் முதுகில்தான் பார்த்தேன். மெஷினில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று முன்னால் குனிந்தார். துண்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி தைத்தார். வீட்டுக்கு வந்து கேட்டேன். வாயு என்றார். அடுத்த முறை கேட்டபோது சூடு என்றார். யாருக்கும் தெரியாமல் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்ததைக் கண்டுபிடித்தேன். அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

பக்கத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டரிடம் நான் மட்டும் போய்ச் சொன்னேன். கல் நழுவிக் குழாயில் அடைத்திருக்கும், சீழ் வைத்தால் ஆள் தங்காது, இந்த வாரமே கொண்டுபோங்கள் என்றார். ஓடி வந்து அவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

“சபை முன்னால சொன்ன வார்த்தை, ஏளா. துப்புனத திரும்ப எடுத்து முழுங்கச் சொல்லுதியா? எத்தன பேரு என் வார்த்தையக் கேட்டு வந்திருக்காங்க.”

அவர்கள் வந்து உங்களுக்குப் பதிலாகச் சாவார்களா என்று கேட்டேன். அவர் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த மனிதரைத் தோளில் தூக்கிக்கொண்டு போக முடிந்திருந்தால் போயிருப்பேன்.

மூப்பரிடம் போனேன். பனியனில் வைத்துத் தைக்கும் லேபிள் வியாபாரம் செய்பவர். ஒரு நூல் பிசிறு இருந்தாலும் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தக் கறாரில்தான் பாரப் பங்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதை எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, “உங்க பேச்சை நம்பறேனுங்கம்மா. ஆனாச் சொகமாயிருச்சுன்னு சொன்னது அவரு வாயி. ஆகலைன்னும் அந்த வாயிதானுங்க சொல்லோணும். ஒருத்தருக்கு வளைச்சா நாளைக்கு எல்லாரும் வளைப்பாங்க” என்றார்.

பாஸ்டரிடம் போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. இன்னொரு உபவாசம் இருப்போம் என்றார். கூட்டத்துக்கு வந்த புது ஆட்களை நினைத்துத்தான் அவர் பயந்தார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. சொன்னது எல்லாம் மெய்யாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர். அந்த ஆசைக்கு என் வீட்டுக்காரரா கிடைத்தார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்த்தார்கள். சாட்சி என்றால் நல்ல செய்திதானே. ஆண்கள் பக்கத்தில் என் கணவர் தலையை ஆட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“எங்க ஊட்டுக்காரருக்குச் சொகமாகலீங்க. கண்ணு மஞ்சளா இருக்குது. வலியில துண்டக் கடிச்சுட்டுத் தைக்கறாருங்க. இந்த வாரம் ஆபரேஷன் பண்ணலைன்னா எனக்கு அவரு இல்லீங்க.”

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. என் பக்கத்தில் இருந்த பெண் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அதற்குள் என் கணவர் எழுந்துவிட்டார். தூணைப் பிடித்துக்கொண்டு, தன் பெண்டாட்டிக்கு விசுவாசம் போதாது என்றும், தனக்கு ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். பெண்டாட்டி ஒன்று சொல்கிறாள், புருஷன் ஒன்று சொல்கிறார், சபை இரண்டையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூப்பர் எழுந்து, சாயங்காலம் எல்லோரும் பங்கோடு அவர்கள் வீட்டுக்குப் போவோம், முறைப்படி கேட்போம், சொன்னால் கொடுப்போம் என்றார். சொல்லாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை.

சாயங்காலம் வந்தார்கள். எங்கள் ஒற்றை அறையில் இடமில்லாமல் லைனின் வாசல்வரை நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் மடித்த பணம். அவர் பாயில் படுத்திருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. மூப்பர் முதலில் குனிந்து, உங்களுக்கு என்ன வேதனைங்க என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் அவர். மூப்பர் பணத்தை மூடிய கையோடு நகர்ந்துகொண்டார். அடுத்த வீட்டார் கேட்டார்கள். ஒன்றுமில்லை. அதற்கடுத்த வீட்டார். ஒன்றுமில்லை. கொடுக்கத் துடிக்கிற கைகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போயின. எனக்குக் கொடுங்கள் என்று நான் கையை நீட்டினேன். ஓவர்லாக் மெஷினில் ஓரம் அடிக்கும் ஒரு பெண் அழுதுகொண்டே என் கையை விலக்கினாள். அவளாலும் மூப்பரைத் தாண்ட முடியவில்லை. அந்த நேரத்தில் அந்தச் சபையையும், அந்த முறையையும், பாயில் கிடந்த மனிதரின் பிடிவாதத்தையும் நான் ஒரே அளவுக்கு வெறுத்தேன்.

பாஸ்டர் வந்து பாயின் ஓரத்தில் முழங்காலிட்டார். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்பதற்குள் வலி வந்துவிட்டது. இந்த முறை கடிக்கத் துண்டு கைக்கு அகப்படவில்லை. என் கணவர் வில்லாக வளைந்து, “எம்மோவ், வலிக்கே... தாங்க முடியலியே” என்று லைன் முழுவதும் கேட்கும்படி கத்திவிட்டார்.

மூப்பர்தான் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

“அவரு வாயாலயே கேட்டாச்சுங்க” என்றார். தன் பங்கை என் கணவரின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். லேபிள் ஏற்றும் வேனை உடனே கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அதன் பிறகு பாஸ்டர் கேட்டார். எங்கே வலிக்குது தம்பி என்றார். என் கணவர் அவர் கையைப் பிடித்துத் தன் வலது விலாவுக்குக் கீழே வைத்தார். அழுதார். பிறகு ஒவ்வொரு வீட்டாரும் மறுபடி வந்து கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் வலிக்கி, வலிக்கி என்று சொன்னார். இத்தனை நாள் அடக்கியதை எல்லாம் ஆள் ஆளாகச் சொல்லித் தீர்த்ததுபோல் இருந்தது. வேன் வந்து நின்று ஹாரன் அடித்தபோது இன்னும் சிலர் பாக்கி. அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது, உதடு மட்டும் அசைந்தது. அந்த மிச்சப் பங்குகளை நானே கை நீட்டி வாங்கினேன். மூப்பர் பக்கத்தில்தான் நின்றார். பார்த்தார். வேனின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கோயமுத்தூரில் வயிற்றைத் திறந்தபோது சீழ் வைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று டாக்டர் தொடங்கியதை நான் முடிக்கவிடவில்லை. அவர் பிழைத்தார். ஆனால் சபை முன்னால் தன்னைப் பொய்யனாக்கிவிட்டேன் என்ற கோபம் மட்டும் ஆறவில்லை. தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகும் பல மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தட்டுவார். நான் கஞ்சியை ஆற்றிக் கொண்டுபோய் வைப்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. குடித்துவிட்டு வெறும் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட ஆள் இருந்தாரே.