ஓடுகிற பிராசஸரை நிறுத்துகிற வேலை

கம்ப்யூட்டருக்குள் யார் கண்ணிலும் படாமல் எல்லா வேலையையும் பார்ப்பது கெர்னல். அது நன்றாக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, விழுந்தால் மட்டும் அதை எழுதுகிற எங்களைத் தேடுவார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, நான் பட்டதை நீங்களும் பட்டிருப்பீர்கள். ஆனால் மாமியார் வீட்டில் உட்கார்ந்து பட்டிருக்க மாட்டீர்கள்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்தது. எனக்கு பெங்களூரில் வேலை. என் மனைவி சகாயமேரிக்கு உத்தமபாளையத்தில் டீச்சர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் குடும்பம் போனிலும் பஸ்ஸிலுமாகத்தான் நடந்தது. மேனேஜர் ரகுவிடம் கெஞ்சிக் கூத்தாடியதில் மனிதர் இறங்கி வந்தார். “ஹாட்பிளக் கிராஷ் ஒண்ணு யார்கிட்டயும் சிக்காம இருக்கு. உன் மாமனார் ஊர் ராயப்பன்பட்டியிலேருந்தே அதைப் பிடி. ரிலீசுக்குள்ள பிடிச்சா அங்கேயே இருந்துக்கோ. இல்லேன்னா மூட்டையைக் கட்டிட்டு வந்துடு” என்றார். நானும் லேப்டாப்போடு வீட்டோட மாப்பிள்ளையாகப் போய் இறங்கினேன்.

மாமாவின் சந்தேகம்

என் மாமனார் ஆரோக்கியசாமிக்குத் திராட்சைத் தோட்டம். மாப்பிள்ளை பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறார் என்று ஊர் அவரைக் குடைந்தது. அவர் என்னைக் குடைந்தார்.

நானும் பொறுமையாகச் சொன்னேன். “பெரிய சர்வர்ல நிறைய பிராசஸர் இருக்கும் மாமா. லோயர் கேம்ப் பவர்ஹவுஸ்ல ஒரு மெஷினை நிறுத்திட்டு மத்ததை ஓட்டுற மாதிரி, இதுலயும் ஓடுறப்பவே ஒண்ண நிறுத்தி, திரும்பச் சேக்கலாம், ஹாட்பிளக்னு பேரு. அப்படிச் செய்யறப்ப எப்பவாவது மொத்தமும் படுத்துருது. அது ஏன்னு கண்டுபிடிக்க, நாள் பூரா நிறுத்தி நிறுத்திச் சேத்துப் பாக்குறோம்.” அவர் மீசையை நீவிக்கொண்டே தலையை ஆட்டினார். எனக்கே பெருமையாகிவிட்டது, விளக்கிவிட்டோம் என்று. கடைசியில் கேட்டார்:

“அது பாட்டுக்கு நல்லா ஓடுறத என்னத்துக்கு மாப்ள நிறுத்துறீக?”

செத்தது யார்?

சர்வர் இருந்தது பெங்களூரில். நான் இங்கிருந்து இணைப்பு வழியாக அதை ஆட்டிவைப்பேன். அந்த வருஷங்களின் மின்வெட்டு உங்களுக்கும் நினைவிருக்கும். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மோடம் செத்துவிடும், திரை அப்படியே உறைந்து நிற்கும். சர்வர் கிராஷ் ஆனாலும் திரை அதேபோல்தான் உறையும். மின்விசிறி போடாத அறையில் இருப்பவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

ஒருநாள் திரை உறைந்ததும் பாய்ந்து போனை எடுத்தேன். அங்கே என்னோடு இந்த வேலையில் இருந்தவள் பிரியா, திருச்சிக்காரி. “சிக்கிருச்சு பிரியா! மெஷினைத் தொடாதே! யாரையும் பக்கத்துல விடாதே!” என்று கத்தினேன். பாவம், அந்தப் பெண் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்து சொன்னாள்:

“சர்வர் ஜம்முனு ஓடுது. உங்க ஊருதான் கிராஷ் ஆகியிருக்கு.”

அந்தோணியார் ரொட்டி

வாரங்கள் ஓடின. நான் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து மாமியார் விசாரித்தார். தப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை அத்தை என்றேன். “காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்குறதுக்குத்தான அந்தோணியாரு இருக்காக” என்று, கிடைத்தால் ரொட்டி கொடுப்பதாக அன்றைக்கே நேர்ந்துகொண்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் வேறு யாரும் உதவிக்கு வருவதாகவும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கே விழுகிறது என்று பார்க்க, புரோகிராமில் அடிக்கொரு தரம் ‘இதுவரை வந்தாச்சு’, ‘இதுவரை வந்தாச்சு’ என்று எழுதிக் காட்டும்படி வரிகளைச் சேர்த்திருந்தேன். கூடவே ஒரு சின்னத் திருத்தமும் போட்டேன். சர்வர் விழவே இல்லை. மறுநாளும் விழவில்லை. தீர்ந்தது என்று அறிவித்துவிட்டேன். மாமியார் செவ்வாய்க்கிழமை கோயிலில் ரொட்டி மந்திரித்து வந்து தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் பிரியா போன் செய்தாள். என் ‘வந்தாச்சு’ வரிகளை எடுத்துவிட்டு ஓட்டினாளாம், டீ ஆறுவதற்குள் விழுந்துவிட்டதாம். எழுதிக் காட்டுவதில் மெஷின் கொஞ்சம் தாமதித்திருக்கிறது. அந்தத் தாமதத்தில், மோதிக்கொள்ள வேண்டிய இரண்டு வேலைகளும் மோதாமல் விலகிப் போயிருக்கின்றன. நோயைப் பார்க்க விளக்கைக் கொண்டுபோனால் நோய் ஒளிந்துகொள்கிறது. என் திருத்தத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாசலில் நின்று தலையில் கைவைத்தபடி மாமியாரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஞானம்மா பாதி கடித்த ரொட்டியோடு கேட்டார்:

“அப்ப இந்த ரொட்டியத் திருப்பித் தரணுமா மாப்ள?”

ஒரு வரி

ரகு போன் செய்து, வெள்ளிக்கிழமையோடு ரிலீஸ் கதவு மூடுகிறது என்றார். மேரி அன்று மாலை என் சட்டைகளை இஸ்திரி போட்டாள். பெங்களூர் பெட்டிக்கு.

எழுதிக் காட்டுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் ஓர் எண்ணை மட்டும் மெமரியில் ஓரமாகப் போட்டுவைக்கச் செய்தேன். தாமதம் இல்லை. மறுநாள் காலையிலேயே சர்வர் விழுந்தது. எண்களைப் படித்தபோது கதை தெரிந்தது. ஒரு பிராசஸரை நிறுத்தும்முன் கெர்னல் அதிலிருந்து எல்லா வேலைகளையும் அள்ளி அடுத்ததுக்கு மாற்றிவிடும். ஒரு சாதனத்தை இயக்கும் டிரைவர் புரோகிராம் மட்டும், மாற்றி முடித்த பிறகு, பழைய இடத்திலேயே புதிதாக ஒரு வேலையைப் போட்டிருக்கிறது. வீட்டைக் காலி செய்து சாமான் ஏற்றிய பிறகு, ஒருவன் மட்டும் திரும்பப் போய்ப் பாய் விரித்துப் படுத்த கதை. நிறுத்திய பிராசஸர் திரும்பி வந்ததும் அவன்மேல் இடறி எல்லாம் விழுகிறது. முதலில் அந்த டிரைவரை நிறுத்திவிட்டு அப்புறம் காலி செய்திருக்க வேண்டும். கீழே இருந்த ஒரு வரியைத் தூக்கி மேலே வைத்தேன்.

குதித்துக்கொண்டு போய் மாமாவிடம் சொன்னேன். தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“இம்புட்டு நாளு கதவச் சாத்திக்கிட்டு, ஒரு வரியத்தான் தூக்கி வச்சீகளா?”

வெள்ளிக்கிழமை

இந்த முறை யாருக்கும் அறிவிக்கவில்லை, ரொட்டியும் வாங்க விடவில்லை. பிரியா ‘வந்தாச்சு’ வரி ஒன்றுகூட இல்லாமல் வெள்ளி மதியம்வரை சர்வரைப் போட்டு வதைத்தாள். விழவில்லை. ரகு போனில், “சரிப்பா, அங்கேயே இரு” என்றார். அவ்வளவுதான். நான் போனை வைத்த பிறகும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேரி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொன்னேன். கைப்பையைக்கூட இறக்காமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து பெட்டியைத் திறந்து, இஸ்திரி போட்ட சட்டைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அழத்தான் செய்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்:

“இனிமே சண்டை வந்தா, சிக்னல் இல்லைன்னு போனை வச்சுட்டு நீங்க தப்பிக்க முடியாதுல்ல?”

ஓடுகிற மெஷினிலிருந்து ஒரு பிராசஸரைச் சேதாரமில்லாமல் கழற்ற எனக்கு நன்றாகவே தெரியும்; மாமியார் வீட்டிலிருந்து மாப்பிள்ளையைக் கழற்றுவது எப்படி என்றுதான் ராயப்பன்பட்டியில் இன்னும் ஒருவருக்கும் தெரியவில்லை.